வைக்கும் இடம்

அமெரிக்க நாட்டின் வயோமிங் மாநிலத்தில், எல்லோஸ்டோன் ஏரியிலிருந்து அதே பெயரைத் தாங்கிய ஆறு புறப்படும் வாயிலில், மரத்தாலான பழைய பாலம் ஒன்று இருக்கிறது. ‘மீன்பிடிப் பாலம்’ என்பது அதன் பெயர். ஆனால், அந்தப் பாலத்தின்மேல் நின்று மீன் பிடிப்பது 1973-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் மக்கள் தோளோடு தோள் இடிக்க நின்று தூண்டில் வீசிய இடமாம் அது. கீழே மீன்கள் முட்டையிட்டுப் பெருகுமிடமாதலால், அவற்றின் நலன் கருதி மனிதரை விலக்கிவிட்டனர். பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அந்நாட்டில் வாழும் நம் மகள், மருமகன், எட்டு வயதுப் பேரன் ஆகியோருடன் அப்பாலத்தில் நிற்கும் வாய்ப்பினை அல்லாஹ் நமக்கு அளித்தான். மருமகனுக்குத் தூண்டிலில் பெருவிருப்பம். “மாமா, நாளைக் காலையில் ஏரிக்கரைக்கு நீங்களும் வாருங்கள்” என்று அழைத்தார். உணவுக்காக நீரில் வேட்டையாடுவது நமக்கு ஆகுமாக்கப்பட்டதே. எனினும், மீனைக் கொக்கியில் மாட்டி இழுத்து, மகிழ்ந்து, மீண்டும் நீரில் விடுவதே பொழுதுபோக்கு என்னும் வழக்கம் நமக்கு உவப்பானதன்று. உயிருள்ளதை விளையாட்டுக்கு இலக்காக்குவதை நம் மார்க்கம் வெறுக்கிறது என்பதை மாணவர்க்குப் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறோம். இந்தத் தயக்கத்தோடுதான், அனுமதிச் சீட்டுடன் கொடுக்கப்பட்ட விதிப் புத்தகத்தைப் புரட்டினோம்.

புரட்டியவர் திகைத்தோம். அந்த ஏரியில் முதன்மையாக இருவகை டிரவுட் மீன்கள் உண்டு. ஒன்று, அம்மண்ணுக்கே உரிய ‘கட்த்ரோட்’ டிரவுட். தாடையின் அடியில், கத்தியை ஓட்டியது போன்ற சிவந்த கீற்று ஒன்று அதற்கு உண்டு. ‘கழுத்தறுந்தது’ என்னும் பெயரே அதனால் வந்தது. செங்கழுத்து டிரவுட் என்று நாம் அழைப்போம். மற்றொன்று ஏரி டிரவுட். கருத்த உடலில் வெண்புள்ளிகளும், ஆழப் பிளவுபட்ட வாலும் உடையது. செங்கழுத்து மீன் தூண்டிலில் பட்டால் அதனை ஊறின்றி மீண்டும் நீரில் விட்டுவிட வேண்டும். ஏரி டிரவுட் பட்டால் அதனைக் கட்டாயமாகக் கொன்றுவிட வேண்டும். உயிரோடு விடுவது குற்றம். அறுபட்டது போல் தோன்றுவதை வாழவிடு, தழும்பில்லாததைக் கொல் என்னும் இந்தச் சட்டத்தை எந்தக் கிதாபிலும் நாம் ஓதியதில்லை.

மறுநாள் சுப்ஹு தொழுகைக்குப் பின், ‘மேற்குப் பெருவிரல்’ எனப் பெயர் பெற்ற விரிகுடாவின் கரைக்குச் சென்றோம். ஒருபக்கம் வெந்நீர் ஊற்றுகளின் ஆவி எழுந்துகொண்டிருந்தது. மறுபக்கம், பனிக்கட்டி உருகி அதிக நாட்கள் ஆகாத ஏரி, கை வைக்க இயலாத குளிரோடு கிடந்தது. ஒரு மணி நேரத்திற்குள் பேரனின் தூண்டில் வளைந்தது. தந்தையும் மகனுமாக இழுத்துக் கரையேற்றினர். வெண்புள்ளிகள், பிளந்த வால். ஐயத்திற்கு இடமில்லை.

பிள்ளை அதனை விட்டுவிடச் சொன்னான். விடலாகாது என்றார் தந்தை. பிள்ளையின் கண்கள் கலங்கின. மீன் கற்களின்மேல் துள்ளிக்கொண்டிருந்தது. மீனுக்கு அறுப்பு தேவையில்லை என்பது அறிந்ததே. ஆயினும், பெரிய மீன் நெடுநேரம் துடிக்குமாயின் அதன் துன்பத்தைச் சுருக்க அறுத்துவிடுவது நன்று என்று நமது ஷாபிஈ சட்ட நூல்கள் கூறும். கத்தியை வாங்கி, இறைவன் பெயரைச் சொல்லி, நாமே அதனைச் செய்தோம். அதன் கழுத்திலும் ஒரு செங்கீற்று உண்டாயிற்று.

எங்கள் ஊர் வழக்கில் தந்தை ‘வாப்பா’; பாட்டனார் ‘அப்பா’. பேரன் நம் சட்டையைப் பற்றிக்கொண்டு கேட்டான்: “அப்பா, இந்த மீன் என்ன தப்புச் செய்தது?”

முப்பது ஆண்டுகளாக மாணவர்களின் வினாக்களுக்கு விடை சொல்லிப் பழகிய நா அன்று எழவில்லை.

அங்கிருந்த பூங்காக் காவலர் ஒருவரிடம் கேட்டும், பின்னர் நூல்களைப் படித்தும் நாம் அறிந்துகொண்டவை இவை. எல்லோஸ்டோன் 1872-ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் நீர்நிலைகளில் பல, அருவிகள் தடுத்ததால் மீனே இல்லாதவையாக இருந்தன. வருகின்ற கனவான்களுக்குத் தூண்டில் விளையாட்டு வேண்டும் என்று கருதி, அந்த வெற்று நீர்களில் மீன்களை நிரப்ப அன்றைய அரசு முற்பட்டது. 1890-ஆம் ஆண்டில், மிச்சிகன் ஏரியைச் சேர்ந்த ஏரி டிரவுட்டைக் கொண்டுவந்து லூயிஸ் ஏரியிலும் ஷோஷோன் ஏரியிலும் விட்டனர். 1950-களின் நடுப்பகுதி வரை பூங்காவின் நீர்நிலைகளில் விடப்பட்ட பலவகை மீன்களின் தொகை 30 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கின்றனர். இவற்றைச் செய்தவர்கள் பகைவர் அல்லர். இறைவனின் படைப்பில் ஒரு குறையைத் தாம் நிரப்புவதாகவே எண்ணியவர்கள்.

லூயிஸ் ஏரி வேறு, எல்லோஸ்டோன் ஏரி வேறு. முன்னதன் நீர் மேற்கே பசிபிக் பெருங்கடலை நோக்கிச் செல்வது. பின்னதன் நீர் கிழக்கே ஓடி மிசூரி ஆற்றில் கலப்பது. ஆயினும், 1994-ஆம் ஆண்டில் எல்லோஸ்டோன் ஏரியில் ஒருவர் தூண்டிலில் ஏரி டிரவுட் சிக்கியது. அது எங்கிருந்து வந்தது? ஆய்வாளர்கள் மீனின் செவிக்குள் இருக்கும் சிறு கல்லை எடுத்துப் பார்த்தனர். மரத்தின் வளையங்களைப் போல அந்தக் கல் ஆண்டுதோறும் வளர்கிறது. மீன் வாழ்ந்த நீரின் உப்புகள் அதில் படிகின்றன. முதிய மீன்கள் சிலவற்றின் கல்லில், உள்வளையங்கள் லூயிஸ் ஏரியின் நீரையும், வெளிவளையங்கள் எல்லோஸ்டோன் ஏரியின் நீரையும் காட்டின. 1980-களின் பிற்பகுதியில் யாரோ அவற்றை ஏரிவிட்டு ஏரி கொண்டுவந்து விட்டிருக்கின்றனர் என்பது அதனால் தெளிவாயிற்று. விட்டவர் யார் என்பதை எவரும் அறியார். மறுமையில் உறுப்புகள் சாட்சி சொல்லும் என்று நாம் நம்புகிறோம். இங்கே ஒரு மீனின் செவி இவ்வுலகிலேயே சாட்சி சொல்லிவிட்டது.

அந்த யாரோ ஒருவரின் செயலால் விளைந்தது என்ன? வளர்ந்த ஏரி டிரவுட் ஒன்று ஓராண்டில் ஏறத்தாழ 41 செங்கழுத்து மீன்களைத் தின்னும் என்று மதிப்பிட்டுள்ளனர். ஏரியில் வந்து கலக்கும் கிளியர் கிரீக் என்னும் ஓடையில், முட்டையிட ஏறிவந்த செங்கழுத்து மீன்கள் 1978-ஆம் ஆண்டில் 70,000-க்கு மேல். 2007-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 500. இடையில், 1998-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட சுழல்நோயும், வறட்சியும் இந்த அழிவில் பங்கு கொண்டன; எல்லாப் பழியையும் ஒரே தலையில் சுமத்துவது நேர்மையன்று. ஆனால், பெரும்பங்கு ஏரி டிரவுட்டினுடையதே.

ஒரு மீன் போய் மற்றொரு மீன் வந்தால் மீன் மீன்தானே என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று. செங்கழுத்து மீன் முட்டையிடுவதற்கு ஆழமில்லாத ஓடைகளில் ஏறி வரும். கரடி அதனைக் கையால் அள்ளும், விராலடிப்பான் என்னும் கழுகு மேலிருந்து பாய்ந்து கவ்வும், நீர்நாயும் உண்ணும். ஏரி டிரவுட்டோ ஆழத்தில் வாழ்ந்து, ஏரிக்குள்ளேயே முட்டையிடுவது. கரைவாழ் உயிர்களுக்கு அது எட்டாத செல்வம். ஓடைகள் வெறுமையாயின, கரடிகள் கடம்பை மான் போன்ற எல்க் மானின் இளங்கன்றுகளைத் தேடிச் சென்றன, விராலடிப்பானின் கூடுகள் அருகின. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஒரு மீனை வைத்ததால், மலைமேல் திரியும் மான்கன்றின் உயிர் போயிற்று. அர்-ரஹ்மான் அத்தியாயத்தில் வானத்தை உயர்த்தியதோடு சேர்த்துத் தராசு நிறுவப்பட்டதும் பேசப்படுவதன் பொருளை, விரிவுரை நூல்களில் கற்றதைவிட அன்று அந்தக் கரையில் அதிகம் உணர்ந்தோம்.

ஆகவே, பூங்காவினர் போர் தொடுத்தனர். கோடைதோறும் படகுகளில் சென்று செவுள்வலை விரித்து ஏரி டிரவுட்டை அகற்றுகின்றனர். தொடக்கத்தில் தாமே வலை வீசினர். 2009 முதல் தொழில்முறை மீனவரையும் அமர்த்தினர். சில மீன்களின் உடலில் ஒலிக்குறி எழுப்பும் சிறு கருவியைப் பொருத்தி விட்டுவிடுவர். அவை முட்டையிடக் கூடும் இடத்தை அக்கருவி காட்டிக்கொடுக்கும். அங்கே வலை இறங்கும். பாறைத்திட்டுகளில் கிடக்கும் முட்டைகளையும் அழிக்க முறைகள் கண்டுள்ளனர். 1994 முதல் அகற்றப்பட்ட ஏரி டிரவுட்டின் தொகை 40 இலட்சத்திற்கும் மேல். முதிர்ந்த மீன்கள் மிகவும் குறைந்துவிட்டன. சில ஓடைகளில் செங்கழுத்து மீன்கள் மீண்டும் ஏறத் தொடங்கியுள்ளன. ஆனால் வலையை நிறுத்தினால், எஞ்சியவை மீண்டும் பெருகிவிடும்.

இங்கேதான் நமக்குப் பெரும் உறுத்தல் ஏற்பட்டது. வலையில் மாண்ட மீன்களை அவர்கள் கரைக்குக் கொண்டுவந்து விற்பதில்லை. காற்றுப்பையைக் குத்தி ஏரியின் ஆழத்திலேயே அமிழ்த்துகின்றனர். ஏரியின் சத்து ஏரியிலேயே இருக்கட்டும் என்பது அவர்கள் கூறும் காரணம். ஒரு பருக்கை சோற்றையும் கீழே விடாமல் எடுத்து உண்ணுமாறு கற்பிக்கப்பட்டவர் நாம். வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்னும் கருத்துடைய நபிமொழியைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர். இலட்சக்கணக்கான மீன்கள் முறையிட்டால் யார் பதில் சொல்வது?

இந்த வினா நமக்கு மட்டும் தோன்றியதன்று என அறிந்தபோது சற்று ஆறுதல் கிட்டியது. தெற்கே கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில், கொலராடோ ஆற்றின் நாட்டு மீன்களைக் காக்க வேண்டி, 2003 முதல் 2006 வரை டிரவுட் மீன்களைப் பிடித்து அகற்றினர். அங்கே டிரவுட்டே அயலான் என்பதைக் கவனிக்க. அந்தப் பள்ளத்தாக்கைத் தம் முன்னோர் தோன்றிய புனித நிலமாகப் போற்றும் சூனி பழங்குடியினர், அவ்விடத்தில் இவ்வாறு உயிர்களைக் கொன்று குவிப்பது தகாது என்று எடுத்துரைத்தனர். பின்னர் வகுத்த திட்டங்களில், அகற்றிய மீனை உணவு முதலியவற்றிற்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் கருத்து இடம்பெற்றது. மார்க்கம் வேறு, மொழி வேறு. மனச்சான்று மட்டும் ஒரே இடத்தில் உறுத்துகிறது.

நம் சட்டவிதி நூல்களில் இரண்டு விதிகள் உண்டு. ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கினால் நீக்கலாகாது என்பது ஒன்று. இரு தீங்குகள் எதிர்ப்பட்டால், பெரியதைத் தடுக்கச் சிறியதை ஏற்கலாம் என்பது மற்றொன்று. ஓர் இனத்தையும், அதனை நம்பிய கரடி, கழுகு, நீர்நாய் அனைத்தையும் இழப்பது பெரிய தீங்கு. வலையில் மீன் மடிவது சிறிய தீங்கு. சிறியதாயினும் அது தீங்கே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். நாம் அறுத்த மீனை அன்று பகலில் மகள் மிளகும் மஞ்சளும் இட்டுப் பொரித்தாள். முள்ளைத் தவிர எதையும் எஞ்சவிடாமல் உண்டோம். பேரன் முதலில் மறுத்தான். பிறகு ஒரு துண்டு எடுத்துக்கொண்டான்.

அன்றிரவு தங்குமிடத்தில் உறக்கம் வராமல் கிடந்தபோது, ‘ளுல்ம்’ என்னும் சொல் நினைவுக்கு வந்தது. அநீதி, கொடுமை என்று அதனைத் தமிழாக்குகிறோம். அரபு அகராதி வல்லுநர்கள் அதற்குக் கூறும் மூலப்பொருள், ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தல் என்பதாகும். இதனை விளக்க அரபியரிடம் ஒரு பழமொழியும் உண்டு: ஓநாயை ஆட்டு மந்தைக்கு மேய்ப்பனாக்கியவன் ளுல்ம் செய்தவன் ஆவான். இளமையில் இதனை மனப்பாடம் செய்தபோது நாம் கவனிக்காத ஒன்று அன்றிரவு புலப்பட்டது. ஆட்டைத் தின்றது ஓநாயே. ஆயினும் பழமொழி ஓநாயை அநீதியாளன் என்று கூறவில்லை. வைத்தவனையே கூறுகிறது.

ஏரி டிரவுட்டின் கதையில் இதற்குச் சான்றாக ஒரு திருப்பமும் இருக்கிறது. அதன் தாயகமான மிச்சிகன் ஏரியில், கால்வாய்களின் வழியே கடலிலிருந்து வந்த லாம்ப்ரே என்னும் உறிஞ்சிமீனாலும், மிகையான மீன்பிடிப்பாலும் 1950-களில் அது அடியோடு மறைந்துபோயிற்று. அங்கே அதனை மீண்டும் நிலைநாட்ட முயன்றவர்கள், பழைய மிச்சிகன் வழித்தோன்றல் எஞ்சியிருக்கும் இடம் தேடி லூயிஸ் ஏரிக்கே வந்து, முட்டை பெற்று, குஞ்சு பொரித்துக் கொண்டுபோய் விட்டனர். ஒரே குருதி, ஓரிடத்தில் வலை வீசிக் கொல்லப்படுகிறது, மற்றோரிடத்தில் தொட்டியில் வளர்த்துக் காக்கப்படுகிறது. மீன் மாறவில்லை, இடமே மாறியது. நிலம்தோறும் கருப்பொருள் வகுத்து, இன்ன நிலத்திற்கு இன்ன மரம், இன்ன பறவை, இன்ன விலங்கு என்று இலக்கணம் செய்த தொல்காப்பியர் காலத்துத் தமிழருக்கு இது புதிய செய்தியாக இராது.

மறுநாள் காலையில் பேரனிடம் விடை சொன்னோம். “மீன் ஒரு தப்பும் செய்யவில்லை. இருக்கக் கூடாத இடத்தில் அதனை யாரோ வைத்துவிட்டார்கள்.”

“வைத்தவர் கெட்டவரா, அப்பா?”

மீண்டும் நா எழவில்லை. இம்முறை காரணம் வேறு. 1980-களின் தொடக்கத்தில், நாம் ஓதிய மதரசாவின் பின்புறம் ஒரு குட்டை இருந்தது. அதில் சிலேபிக் கெண்டை நிறைந்திருந்தது. ஆப்பிரிக்காவுக்கு உரிய அம்மீனை, மக்களுக்குப் புரத உணவு கிடைக்கட்டும் என்னும் நல்லெண்ணத்தால் 1952-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குக் கொண்டுவந்தனர். தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பது. சில மாதங்களிலேயே இனம் பெருக்குவது. ஒரு கோடையில் குட்டை வற்றிக் குஞ்சுகள் சேற்றில் வாய் பிளந்து கிடந்தன. மாணவர் மூவர், நாமும் உட்பட, இரக்கப்பட்டு அவற்றைக் குடத்தில் அள்ளி, ஊருணியில் கொண்டுபோய் விட்டோம். உயிரைக் காத்த நன்மை ஏட்டில் பதிவாகும் என்று மகிழ்ந்தோம்.

அந்த ஊருணியில் அயிரையும் குறவையும் விராலும் இருந்தன. படித்துறையில் முந்தானையை விரித்து அயிரை பிடிக்கும் மூதாட்டி ஒருவரும் இருந்தார். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துச் சென்றபோது, “எந்தப் பாவி போட்டானோ, எல்லாம் சிலேபியாப் போச்சு” என்று அவர் சொல்லக் கேட்டோம். வெள்ளத்திலும் அவை வந்திருக்கலாம், வேறெவரும் விட்டிருக்கலாம். அவ்வாறெல்லாம் நமக்கு நாமே வாதாடி, அதனை மறந்திருந்தோம். எட்டு வயதுப் பிள்ளை ஆயிரம் காதங்களுக்கு அப்பால் அதனைத் தோண்டி எடுத்தான்.

நடந்ததை அவனிடம் ஒளிக்காமல் சொன்னோம். வைத்தவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அறியாதவராக இருந்தாலே போதும் என்றோம். இரக்கம் நன்று, எந்த நீருக்கு எந்த உயிர் என்னும் அறிவு உடன் இல்லாவிடில், அந்த இரக்கமே ளுல்ம் ஆகிவிடும் என்றும் விளக்கினோம். அறிந்தபின் செய்ய வேண்டியதைச் செய்வதற்கு இங்குள்ளவர்கள் துணிந்திருக்கின்றனர். ஏரியோடும் அவர்கள் நின்றுவிடவில்லை. லமார் ஆற்றில் வானவில் டிரவுட் செங்கழுத்து மீனோடு கலந்து இனத்தைக் கெடுப்பதால், அங்கே அதனைப் பிடித்தவர் கொன்றுவிட வேண்டும் என்று விதித்துள்ளனர். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கார்டனர் ஆறு எல்லோஸ்டோன் ஆற்றோடு கூடும் இடத்தில் ‘சிறுவாய் பாஸ்’ என்னும் வேட்டை மீன் ஒன்று தூண்டிலில் சிக்கியதும், அதற்கும் அதே விதியை உரைத்து விழிப்பாயினர். ஒன்று வந்தபோதே தடுப்பது எளிது. நாற்பது இலட்சமானபின் தடுப்பதற்கு ஆண்டுதோறும் பெரும்பொருளும் முடிவில்லா உழைப்பும் வேண்டும்.

புறப்படுமுன் மீண்டும் மீன்பிடிப் பாலத்திற்குச் சென்றோம். பேரன் கைப்பிடிக் கட்டையில் கன்னத்தை வைத்துக் குனிந்து நின்றான். தெளிந்த நீரில், கூழாங்கற்களின்மேல், நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் சில மீன்கள் நின்றன. அவன் எண்ணிப் பார்த்து ஏழு என்றான். பிறகு நம்மைப் பார்த்துக் கேட்டான்: “அப்பா, உங்கள் ஊருணியை யார் சரிசெய்வார்கள்?”

ஊர் திரும்பியபின் ஜமாஅத்துப் பெரியவர்களிடம் பேசினோம். கோடையில் நீர் வற்றித் தூர் வாரும்போது சிலேபியை முற்றும் பிடித்து ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்து, பக்கத்துக் கண்மாய்களில் எஞ்சியிருக்கும் அயிரையையும் குறவையையும் தேடிக் கொண்டுவந்து விடலாம் என்றோம். சிலர் நகைத்தனர், இருவர் உடன் வருவதாகக் கூறியுள்ளனர். முற்றிலும் முடியும் என்னும் உறுதி நமக்கில்லை. வலையோடு நாமும் சேற்றில் இறங்குவதாக இருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த கோடையில் பேரனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.